கதைசொல்லி எந்தத் தமிழில் பேச வேண்டும்?

1978 ஜூனில் லண்டனில் வெளிவந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ என்னும் இரட்டை இசைத்தட்டு ஒரு மனிதக் குரலோடு தொடங்குகிறது. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட புதினத்துக்கு ஜெஃப் வெய்ன் தந்த இசைவடிவம் அது. செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தைச் சூறையாடியதைக் கண்ணால் கண்ட ஒரு பத்திரிகையாளராக நின்று, நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் முதல் சில தொடர்களைச் சொல்லி முடிக்கிறார். அதன்பின்னரே வயலின்கள் ஒரே வீச்சில் உள்ளே நுழைகின்றன. மின்கிதாரும் சிந்தசைசரும் பாடகர்களும் அவற்றைத் தொடர்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீளும் இப்படைப்பில் பாடல்கள் கதையை ஓரிடத்தில் நிறுத்தி உணர்வை விரிக்கின்றன. காலத்தை முன்னகர்த்துவது பேசும் குரல்தான்.

அந்தக் குரலின் வரலாறு மொழியியல் மாணவர்க்குச் சுவையானது. பர்ட்டன் வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். அவருடைய தாய்மொழி வெல்ஷ். பிலிப் பர்ட்டன் என்னும் பள்ளி ஆசிரியர் அவருடைய ஆங்கில உச்சரிப்பைப் பயிற்றித் திருத்தினார். தம் பெயரையும் அளித்தார். உலகம் ‘தூய ஆங்கிலக் குரல்’ என்று போற்றிய ஒன்று, ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன் தன் பேச்சை மாற்றிக்கொண்டு பெற்ற குரல். இன்னொரு செய்தியும் நோக்கத்தக்கது. இப்படைப்பின் ஸ்பானிய வடிவத்தில் ஆண்டனி குவின் கதை சொன்னார். ஜெர்மானிய வடிவத்தில் கர்ட் யூர்கன்ஸ் சொன்னார். 2012இல் வந்த புதிய ஆங்கிலப் பதிப்பில் லியம் நீசன் சொன்னார். இசையின் அடிப்படை அப்படியே இருக்க, நாடும் தலைமுறையும் மாறும்போது கதைசொல்லி மாற்றப்பட்டார். சிம்பொனி இசையும் ராக் இசையும் கதைசொல்லலும் கலந்த இவ்வகையில் மொழி குறித்த முடிவு பெரிதும் ஓரிடத்தில்தான் எடுக்கப்படுகிறது: கதைசொல்லி யார், அவர் எப்படிப் பேசுகிறார் என்பதில்.

தமிழில் இத்தகைய ஒரு பெரும்படைப்பு வருமானால், அதற்கு மிகப் பொருத்தமான களம் மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரம் என்பதும், அதன் கதைசொல்லி தாராவியின் பேச்சுத் தமிழில்தான் பேச வேண்டும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து. முதற்பார்வைக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆகவே சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது நலம்.

முதலில் இவ்வகையின் மேலைநாட்டு வரலாறு. 1967இல் மூடி புளூஸ் குழுவினர் லண்டன் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ராவுடன் இணைந்து, ஒரு நாளின் விடியல் முதல் இரவு வரையிலான பொழுதுகளைப் பொருளாகக் கொண்ட ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ தொகுப்பை வெளியிட்டனர். அதில் கவிதைப் பகுதிகள் பேச்சாகவே ஒலித்தன. 1974 ஜனவரி 18ஆம் நாள் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், ழூல் வெர்ன் 1864இல் எழுதிய பாதாளப் பயணக் கதையை ரிக் வேக்மன் மேடையேற்றினார். லண்டன் சிம்பொனி இசைக்குழுவும் சேர்ந்திசைப் பாடகர்களும் ராக் இசைக்கலைஞர்களும் ஒரே மேடையில் நிற்க, நடிகர் டேவிட் ஹெம்மிங்ஸ் கதை சொன்னார். அந்நிகழ்ச்சியின் பதிவே இசைத்தட்டாக வெளிவந்து பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டு அதே வேக்மன் ஆர்தர் மன்னன் கதையை வெம்ப்ளி அரங்கில் பனித்தரை மீது சறுக்குநடனக் காட்சியாக நிகழ்த்தினார். சில ஆண்டுகளுக்குள் பங்க் இசை இளைஞர்கள் இவ்வகை முழுவதையும் ஆடம்பரம் என்று எள்ளி நகையாடினர்.

அந்த எள்ளலில் நியாயம் உண்டு. ஆனால் ஆடம்பரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிரித்தறிய வேண்டும். வேக்மன் படைப்பில் கதைசொல்லி நிகழ்ச்சிக்கு வெளியே நிற்கிறார். கையில் ஏடு வைத்திருப்பவர்போல உயர்நடை ஆங்கிலத்தில் வாசிக்கிறார். அவருக்கு அக்கதையில் இழக்க ஒன்றுமில்லை. வெய்ன் படைப்பில் கதைசொல்லி கதைக்குள்ளேயே ஓடி ஒளிகிறார். துணையைப் பிரிந்து தேடுகிறார். தப்பிப் பிழைத்த பின் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார். முன்னது அறிவிப்பு, பின்னது சாட்சியம். வயலின்களும் மின்கிதார்களும் இரண்டிலும் உண்டு. கேட்பவரைக் கட்டிப்போடும் ஆற்றலில் தெரியும் வேறுபாடு, பேசுபவர் நிற்கும் இடத்தால் விளைந்தது.

இனித் தமிழ்நிலைக்கு வரலாம். பேச்சையும் பாட்டையும் பின்னிக் கதை நடத்துவது தமிழுக்குக் கடன்பொருள் அன்று. உரைவகைகளை நான்காகப் பகுக்கும் தொல்காப்பியச் செய்யுளியல், பாட்டுகளுக்கு இடையே வைக்கப்படும் உரையை அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. சிலப்பதிகாரத்தின் பதிகம் அந்நூலை உரையும் பாட்டும் கலந்த ஆக்கமாக அறிமுகப்படுத்துகிறது. ஆய்ச்சியர் குரவை போன்ற காதைகளில் ‘உரைப்பாட்டு மடை’ என்றே பகுதிகள் உள்ளன. நெல்லை, குமரி மாவட்டங்களின் வில்லுப்பாட்டு இதே பின்னலை இன்றும் கொடை விழாக்களில் உயிரோடு வைத்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் சுப்பு ஆறுமுகமும் அதை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுசென்றனர். திரைப்படங்களின் கதை வசனத்தை மட்டும் தாங்கிய இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் தேநீர்க் கடைகளிலும் திருவிழாப் பந்தல்களிலும் ஒலித்த காலம் பலர் நினைவில் இருக்கும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’, ‘விதி’ ஆகியவற்றின் உரையாடல்களைப் படத்தைப் பாராதவர்களும் மனப்பாடமாகச் சொன்னார்கள். கதையைக் காதால் கேட்டு வளர்ந்த சமூகம் இது.

மும்பைக்கு இதிலுள்ள தொடர்பு கதாகாலட்சேபத்தின் வழியாக வருகிறது. 1676 முதல் 1855 வரை தஞ்சையில் மராட்டிய மன்னர்கள் ஆண்டனர். அவர்களுடைய ஆதரவில் மராட்டிய மண்ணின் கீர்த்தனைக்காரர்கள் தஞ்சைக்கு வந்து, இடையிடையே பாடியும் பேசியும் பக்திக் கதைகளை நிகழ்த்தினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அம்முறையைக் கருநாடக இசையோடு இணைத்துத் தமிழ்க் கதாகாலட்சேபத்துக்கு வடிவம் தந்தார். அதனால்தான் தமிழ் நிகழ்ச்சியிலும் சாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்னும் மராட்டிப் பாவகைகள் நிலைத்துள்ளன. மாட்டுங்காவுக்குக் குடிபெயர்ந்த தமிழர்கள் தங்கள் பஜனை மடங்களிலும் சபைகளிலும் கதாகாலட்சேபம் நடத்தியபோது, மராட்டிய நிலத்திலிருந்து சென்ற ஒரு கலை, தமிழ் பேசிக்கொண்டு மராட்டிய நிலத்துக்கே திரும்பியது. மும்பைத் தமிழர்களை ‘வந்தேறிகள்’ என்று வகைப்படுத்தும் அரசியலுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி அரிது.

தஞ்சை அரண்மனையில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் சரபோஜி (1798–1832) மேலை இசையில் ஈடுபாடு கொண்டு, ஐரோப்பியக் கருவிகளைக் கொண்ட பாண்டு வாத்தியக் குழுவை அமைத்தார். கதை சொல்லும் மராட்டியக் கீர்த்தனையும் மேலைநாட்டுக் கருவிக்குழுவும் அந்த அரண்மனையின் ஆதரவிலேயே வளர்ந்தன. இரண்டும் ஒரே மேடையில் இணைந்து ஒரு கதையைச் சொல்லவில்லை. அந்த இணைப்பு இன்றுவரை நிகழாமலே இருக்கிறது.

தமிழில் சிம்பொனி முயற்சிகளே இல்லை என்று இதற்குப் பொருளன்று. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வெளிவந்தது. 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் பங்கேற்போடு அவருடைய ‘திருவாசகம்’ வெளிவந்தது. அதற்கான ஆங்கில வரிகளை ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை அரங்கேற்றியது. தமிழர் ஒருவரால் பெரும் இசைக்குழுவுக்கு எழுத முடியுமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. ஆயினும் ‘திருவாசகம்’ அடைந்தது பக்திப் பனுவலின் உயர்நிலை. அன்றாடத் தமிழ் பேசும் ஒருவர் இசைக்குழுவின் நடுவே நின்று ‘நடந்தது இது’ என்று சொல்லும் நிலையைத் தமிழிசை இன்னும் முயலவில்லை. சிம்பொனி இசையின் அருகே தமிழ் வரும்போது அது செவ்வியல் தமிழாக மட்டுமே வர வேண்டும் என்ற எண்ணம் எழுதப்படாத விதியாகிவிட்டது.

மும்பையின் மூன்று தமிழ்க் குடியிருப்புகள் இந்த இடத்தில் முக்கியமாகின்றன. மாட்டுங்கா, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அலுவலகப் பணிகளுக்காக வந்த தென்னிந்தியர்களின் பகுதி. 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகமும், 1952இல் சண்முகானந்தா சபையும் உருவாயின. சபையின் பெரிய அரங்கம் 1963இல் திறக்கப்பட்டு, 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் எழுந்தது. இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அவ்வரங்கம் நாட்டின் பெரும் இசையரங்குகளுள் ஒன்று. கிழக்கே செம்பூரில் நுண்கலைக் கழகமும் செட்டா நகர் முருகன் கோயிலும் நடுத்தர வகுப்புத் தமிழரின் பண்பாட்டு மையங்களாக விளங்குகின்றன. அதே செம்பூரில்தான் 1948இல் ராஜ் கபூர் நிறுவிய ஆர். கே. ஸ்டுடியோ இருந்தது. அந்நிறுவனப் படங்களில் சங்கர்–ஜெய்கிஷன் இசைக்கு வயலின் கூட்டத்தைத் திரட்டி இசைக்கோப்புச் செய்தவர் செபாஸ்டியன் டிசோசா என்னும் கோவாக் கலைஞர். பெரும் இசைக்குழுவைக் கதையோடு பிணைக்கும் தொழில்நுட்பம் மும்பைக்குப் பழகிய ஒன்று. நகரின் தென்முனையிலுள்ள நாரிமன் பாயிண்டில், 2006 முதல் இந்திய சிம்பொனி இசைக்குழு இயங்கி வருகிறது.

மாட்டுங்காவின் அரங்கிலிருந்து மேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் தாராவி. நெல்லைச் சீமையிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர்களும் பிற உழைப்பாளிகளும் உருவாக்கிய குடியிருப்புகளைக் கொண்ட பகுதி அது. 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும் காட்சி ஆண்டுதோறும் காணக்கிடைப்பது. 1966இல் சிவசேனை தோன்றிய பின் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த வெறுப்பு, தமிழைத் தெருவில் உரக்கப் பேசுவதையே துணிவுக்குரிய செயலாக்கியது. அதையும் மீறித் தாராவித் தமிழ் பிழைத்தது. அதன் அடித்தளம் நெல்லை வழக்கு. அதன்மேல் மராட்டியும் இந்தியும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. கோலி, சால், நாக்கா, கல்லி போன்ற நகரப் பொதுச்சொற்கள் தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்றுத் தமிழாகவே நடக்கின்றன. ‘டோப்பாடெலிக்ஸ்’ என்னும் தாராவி இளைஞர் குழு தமிழும் இந்தியும் மராட்டியும் ஆங்கிலமும் கலந்த ராப் இசையை உருவாக்கியது, பா. இரஞ்சித் இயக்கத்தில் 2018இல் வெளிவந்த ‘காலா’ படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் அவர்கள் குரல் தமிழகம் முழுதும் ஒலித்தது. அடுத்த ஆண்டு வந்த ‘கல்லி பாய்’ இந்திப் படம் தாராவியின் ராப் இசையை உலகுக்குக் காட்டியது. ஆனால் அங்குள்ள தமிழ் அதில் கேட்கவில்லை.

மாட்டுங்காவில் அரங்கும் கதாகாலட்சேப மரபும், செம்பூரில் திரைக் கதையிசையின் நினைவும், தாராவியில் தாளமும் சொல்லும் உள்ளன. ஒன்றுக்கொன்று நடந்தும் பேருந்திலும் சென்றடையும் தொலைவுதான். இவற்றைப் பிரித்து வைத்திருப்பது சாதி, வகுப்பு ஆகியவற்றின் தொலைவு. அத்தொலைவு மொழியில் துல்லியமாகப் பதிவாகிறது. ‘ஆத்துல’ என்பவரும் ‘வீட்டுல’ என்பவரும், ‘சொல்றேள்’ என்பவரும் ‘சொல்லுதிய’ என்பவரும் ஒரே ரயில் நிலையத்தில் நின்றாலும் ஒரே மேடையில் நின்று கதை சொன்னதில்லை.

அப்படியானால் கதைசொல்லியின் தமிழ் எதுவாக இருக்க வேண்டும்? 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு குறித்து எழுதிய கட்டுரைக்குப் பின், தமிழின் உயர்வழக்கு–தாழ்வழக்குப் பிரிவு மொழியியல் வகுப்பறைகளில் பலமுறை பேசப்பட்டுள்ளது. செய்தியறிக்கை, மேடைப்பேச்சு, ஆவணப்படத்தின் பின்னணிக் குரல் ஆகியவை உயர்வழக்கின் உரிமை. பாத்திரங்களின் உரையாடல் பேச்சுவழக்கின் இடம். திரைப்படமும் பெரும்பாலும் இப்பங்கீட்டைப் பேணுகிறது: நாட்டாரும் சேரியாரும் வட்டார வழக்கில் பேசுவார்கள், அவர்களைப் பற்றிச் சொல்லும் குரல் திருத்தமாகப் பேசும். இப்பங்கீட்டில் ஒரு தீர்ப்பு மறைந்திருக்கிறது. வாழ்பவர் ஒருவர், அவர் வாழ்வுக்குப் பொருள் சொல்பவர் வேறொருவர் என்பது அத்தீர்ப்பு. எழுத்தில் இதை உடைத்துக் காட்டியவர் கி. ராஜநாராயணன். 1976இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில் கரிசல் வழக்கு பாத்திரங்களின் வாயில் நின்றுவிடாமல் கதைசொல்லும் குரலுக்குள்ளும் ஏறியது. இசையில் அதற்கு இணையான நிகழ்வு இன்னும் வரவில்லை.

பேச்சுத் தமிழ் கதைசொல்லலுக்குத் தரும் இலக்கண வளமும் குறைவானதன்று. ஆங்கில இறந்தகாலம், பேசுபவர் கண்டதையா கேட்டதையா சொல்கிறார் என்பதைக் காட்டாது. பர்ட்டனின் கதைசொல்லி தான் கண்டதையும் பிறர்வழி அறிந்ததையும் ஒரே வினைவடிவத்தில் சொல்கிறார். தமிழில் ‘ஆம்’ என்னும் ஒட்டு இருக்கிறது. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் இடையே ஒரு தலைமுறைத் தொலைவை வைக்க முடியும். நான்கு தலைமுறைத் தாராவிக் குடும்பம் ஒன்றின் கதையை எண்ணிப் பார்க்கலாம். பூட்டன் நெல்லையிலிருந்து ரயிலேறினாராம். தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாராம். சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடிசை போட்டாராம். கதை நெருங்கி வருகையில் ஓரிடத்தில் ‘ஆம்’ நின்றுவிடும். அந்த வினைமுற்றிலிருந்து கதைசொல்லி சாட்சியாகிறார். பெரும் இசைக்குழு முழுவதும் அமைதியாகி அந்த ஒரு வினைமுற்றுக்கு இடம்விடலாம். செய்தியறிக்கைத் தமிழ் கைவிட்டுவிட்ட இந்த நுட்பம் பாட்டிகளின் கதைத் தமிழில் இயல்பாக உள்ளது.

இரண்டாவது வளம் வில்லுப்பாட்டிலிருந்து வருவது. மேலைப் படைப்புகளில் கதைசொல்லி தனியர்; அவர் பேசும்போது மற்றவர்கள் இசைப்பார்கள், மறுமொழி சொல்ல மாட்டார்கள். வில்லுப்பாட்டில் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்பவருக்கு, குடமும் உடுக்கையும் தாளமும் வைத்திருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்கள், கேள்வி கேட்பார்கள், கேலியும் செய்வார்கள். கேட்பவரின் ஐயம் மேடையிலேயே பிரதிநிதித்துவம் பெறுகிறது. வில்லுப்பாட்டைப் பற்றி 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதையின் சாவுக் கட்டம் நெருங்கும்போது நிகழ்த்துதலின் வேகம் கூடுவதையும் சாமியாடல் நிகழ்வதையும் விளக்கியுள்ளார். பாடலும் பேச்சும் தாளமும் சேர்ந்து ஓர் உச்சத்தை நோக்கி நகரும் இவ்வமைப்பை, புரோகிரசிவ் ராக் இசைக்கலைஞர் எவரும் தம் கலைக்கு நெருக்கமானதாகவே உணர்வார்.

பொருத்தமான கதையும் கையிலேயே உள்ளது. நா. வானமாமலை பதிப்பித்த ‘முத்துப்பட்டன் கதை’ நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுக் கதைகளுள் புகழ்பெற்றது. பிராமண இளைஞன் ஒருவன் அருந்ததியர் குலப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்பி, அவர்களுடைய தந்தை விதித்தபடி தன் சாதி அடையாளத்தைத் துறந்து செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்கிறான். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் பட்டவராயனுக்குச் செருப்புகள் காணிக்கையாகின்றன. தோல் தொழிலால் வளர்ந்த தாராவிக்கும் நெல்லைக்கும் இடையே இதைவிட நெருக்கமான கதை இருக்க முடியாது. இக்கதையின் சில வடிவங்கள் அப்பெண்களைப் பிறப்பால் பிராமணர் என்று மாற்றிச் சாதி மீறலை மழுப்புகின்றன. கதைசொல்லி யார் என்பது கதையையே மாற்றிவிடும் என்பதற்கு இது சான்று. திருத்தமான குரலிடம் ஒப்படைத்தால் எந்த வடிவம் எஞ்சும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, செலவு. சிம்பொனி இசைக்குழுவை அமர்த்துவது பெரும்பொருள் கோருவது. அந்தப் பணத்தைத் தாராவியின் பள்ளிகளுக்குத் தரலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதே கேள்வி மாட்டுங்கா அரங்கின் இசைவிழாக்களை நோக்கிக் கேட்கப்படுவதில்லை. ஏழைகளின் மொழிக்கு மட்டும் எளிய கருவிகள் போதும் என்று முடிவு செய்வதும் ஒருவகைத் தீண்டாமையே.

இரண்டாவது வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. தாராவி இளைஞர்கள் ராப் இசையில் தாங்களே பேசிவிட்டார்கள். அவர்கள்மேல் வயலின்களைச் சுமத்துவது ஏன்? இதில் வலிமை உண்டு. எனினும் ராப் பாடல் நான்கைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். அது பெரும்பாலும் ‘நான்’ என்று முழங்கும் வடிவம். நான்கு தலைமுறைகளின் நீண்ட காலத்தை, பல மாந்தர்களை, ‘அவர்களாம்’ என்று தொடங்கி ‘நாங்கள்’ என்று வந்து சேரும் பயணத்தை ஏந்த நீண்ட வடிவம் தேவை. ராப் கலைஞர்கள் அவ்வடிவத்தில் விருந்தினராக அல்லாமல் கதைசொல்லிகளாகவே அமர வேண்டும். இசைக்குழு அவர்களுடைய பேச்சின் தாளத்துக்கு எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, தூய்மை வாதம். கலப்புத் தமிழைச் சிம்பொனியில் ஏற்றினால் மொழி கெடும் என்பர். மொழிக்கலப்பு இலக்கணமற்ற சிதைவு அன்று, ஒழுங்குள்ள நடைமுறை என்பது மொழியியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. மேலும், சாகியும் திண்டியும் கலந்த கதாகாலட்சேபத்தைச் செவ்வியல் என்று போற்றும் செவிகள், கோலியும் நாக்காவும் கலந்த கதையைக் கலப்படம் என்று ஒதுக்குவதற்கு மொழியியல் காரணம் எதுவும் இல்லை. இரண்டும் மராட்டியிலிருந்து தமிழ் பெற்றவை. ஒன்று அரண்மனை வழியாக வந்தது. மற்றது தெரு வழியாக வந்தது. இக்கட்டுரையே ஏட்டுத் தமிழில் இருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டலாம். வாதத்துக்கு ஏட்டுத் தமிழ் பொருந்தும். சாட்சியத்துக்குச் சாட்சியின் தமிழே பொருந்தும்.

இவற்றுக்கெல்லாம் காலக்கெடு ஒன்று வந்துவிட்டது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போர் தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதியுடையோர். பின்னர் வந்தோருக்கும் மேல்தளங்களில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியே வீடு என்பது திட்டத்தின் அமைப்பு. வீட்டின் தரம் குறித்த விவாதம் நடக்கிறது. அது நடக்க வேண்டியதே. ஆனால் ஒரு வட்டார வழக்கு வீட்டுக்குள் மட்டும் வாழ்வதில்லை. அடுத்தடுத்த கதவுகளிலும் பொதுக்குழாயடியிலும் பட்டறையிலும் வாழ்கிறது. கீழ்த்தளத்துப் பாட்டி ஒரு பகுதிக்கும் மேல்தளத்துப் பேரன் வேறொரு பகுதிக்கும் பிரிந்து போகும்போது, ‘ஆம்’ போட்டுக் கதை சொல்லவும் ‘ஆமா’ போட்டுக் கேட்கவும் ஆள் இல்லாமல் போகும்.

ஆகவே முதற்பணி இசையமைப்பாளருடையதன்று; பல்கலைக்கழகங்களுடையது. மும்பையிலும் தமிழகத்திலும் உள்ள தமிழ், மொழியியல் துறை மாணவர்கள் தாராவி முதியோரின் வாழ்க்கைக் கதைகளை, அவர்களுடைய இசைவோடும் அவர்களுக்கே உரிமை இருக்கும் வகையிலும், நல்ல ஒலித்தரத்தில் பதிவு செய்யலாம். சொற்பட்டியலுக்காக வினாநிரலை நீட்டும் பழக்கத்தை விட்டு, முழுக் கதையையும் குறுக்கிடாமல் கேட்கலாம். வினைமுற்றில் ‘ஆம்’ எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, மராட்டிச் சொல் எந்த உணர்ச்சியில் நுழைகிறது, பேச்சு எப்போது பாட்டாகிறது என்பவற்றைக் குறிக்கலாம். அப்பதிவுகள் ஆய்வேடுகளுக்குப் பயன்படும். பின்னொரு நாள் ஓர் இசையமைப்பாளருக்கும் பயன்படும். சண்முகானந்தா அரங்கில் வயலின்கள் காத்திருக்க, தாராவிப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியின் முன் நின்று தன் பூட்டனின் ரயில் பயணத்தைத் தன் வீட்டுத் தமிழிலேயே சொல்லத் தொடங்குவதற்கு வேண்டிய மற்றவை எல்லாம் இந்நகரில் ஏற்கெனவே உள்ளன.